சாலையின் ஓரம்

எதுவுமே தவறாக நடக்காத ஒரு பயணம் முடிந்தபின் மனத்தில் ஏன் ஒரு நெருடல் மிஞ்சுகிறது என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. இத்தாலியின் சியென்னா நகரத்துக்குத் தெற்கே, வழிகாட்டியோடு சைக்கிளில் ஊர் ஊராகப் போகும் அந்தப் பயணங்களில் எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்கப்பட்டிருக்கும். காலையில் பெட்டியை விடுதி வாசலில் விட்டுவிட்டால், மாலையில் அடுத்த ஊர் அறையில் அது நமக்காகக் காத்திருக்கும். பின்னாலேயே ஒரு வேன் வரும். மாற்று ட்யூப், பம்பு, தண்ணீர், வாழைப்பழம், கால் ஓய்ந்தவருக்கு ஓர் இருக்கை, எல்லாம் அதில் உண்டு. ஏற்றம் முடியாது என்பவருக்கு மின்சார சைக்கிள் தருவார்கள். மோன்தே ஒலிவேத்தோ மடாலயத்தின் சுவரோவியங்களுக்கு இவ்வளவு நேரம், பியென்ஸாவின் சதுக்கத்துக்கு இவ்வளவு நேரம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இந்த வசதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முட்டி தேய்ந்த ஒருவர் அந்த மேடுகளில் ஏறிப் போய் ஒரு நல்ல ஓவியத்தின் முன் நிற்க முடிகிறது என்றால், அது நல்ல காரியம். நெருடல் வேறிடத்தில் இருந்தது. முதல் நாள் காலையில் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு: வலது ஓரமாகவே போங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். அந்த ஓரத்தில் நாள் முழுக்கப் பயமே இல்லாமல் போனேன். அந்தப் பயமின்மைதான் என்னை உறுத்தியது. அது எங்கிருந்து எனக்குக் கிடைத்தது? அதற்கு யார் என்ன கொடுத்தார்கள்?

நிலம் நெருங்கித் தெரிவது சாலையின் ஓரத்தில் போகிறவருக்குத்தான். காரில் போனால் வயல் ஒரு நிறமாகக் கடந்துபோய்விடும். சைக்கிளில் போனால் வாய்க்கால் கரையின் காட்டுப் பெருஞ்சீரகம் மணக்கும், கல்சுவரின் இடுக்கில் ஓணான் நுழையும், ஜூன் மாதத்தில் மேட்டுச் சரிவெல்லாம் ஜினெஸ்த்ரா புதர்கள் மஞ்சளாகப் பூத்து அதன் இனிப்பு வாசம் வியர்வையோடு கலந்து தொண்டைக்குள் இறங்கும். தார்ச்சாலை முடிந்து சுண்ணாம்புச் சரளை பரப்பிய வெள்ளைச் சாலை தொடங்கும்போது முதலில் மாறுவது ஒலி. டயரின் சீரான ரீங்காரம் சட்டென்று நின்று, வறுபடும் மணலின் சடசடப்பு எழும். பிறகு கைகளுக்கு அது தெரியவரும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் அலையும், கொஞ்சம் தளர்த்தினால் அதுவே தன் வழியைத் தேடிக்கொள்ளும். இறக்கத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தக்கூடாது. தண்ணீர் பாட்டிலின் வாயில் வெள்ளைத் தூசி படியும், பல்லிடையில் நறநறக்கும். ஒருகாலத்தில் இந்தச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆவலில் ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997இல் கையோலே என்ற சிற்றூரிலிருந்து பழைய சைக்கிள்களில் ஓட்டும் ‘எரோய்கா’ என்ற விழாவைத் தொடங்கினார். 2007இலிருந்து தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் இதே சரளையில் நடந்து சியென்னாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. ஒரு மண்சாலை மண்சாலையாகவே நீடிக்க இத்தனை பேர் முனைந்திருக்கிறார்கள் என்பது நெகிழ்ச்சி தரும் செய்தி. சாலை தானாக நீடிப்பதில்லை என்ற எண்ணம் எனக்குள் முளைத்ததும் அங்கேதான்.

அந்தப் பெரிய சதுக்கத்தின் அரண்மனைக்குள் ஓர் அறை இருக்கிறது. 1287 முதல் 1355 வரை சியென்னாவை ஆண்ட ஒன்பதின்மர் குழு கூடிய அறை. அதன் மூன்று சுவர்களிலும் 1338, 1339 ஆண்டுகளில் அம்ப்ரோஜியோ லோரென்செத்தி வரைந்த ஓவியங்கள். நல்லாட்சி, தீயாட்சி, அவை நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் உண்டாக்கும் விளைவுகள். நல்லாட்சியின் விளைவுகள் வரையப்பட்ட சுவர் ஏறக்குறைய 14 மீட்டர் நீளம். இடப்பாதி நகரம், வலப்பாதி நாட்டுப்புறம், நடுவே நகர மதில். சைக்கிளில் வந்தவர் அந்த வலப்பாதியின் முன் நின்றால் கால்களுக்கே அந்த இடம் அடையாளம் தெரியும். மதில் வாசலிலிருந்து கல் பாவிய சாலை சரிந்து இறங்குகிறது. அதே சாம்பல் படிந்த மேடுகள், அதே திராட்சை வரிசைகள், மேட்டின் நுனியில் அதே ஒற்றை வீடு. உச்சியில் பருந்தை ஏந்தி வேட்டைக்குப் போகும் செல்வர்கள். அவர்களுக்கு எதிரே ஏறி வருகிறான் ஒரு குடியானவன், கறுத்த உடலில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட பன்றி ஒன்றை முன்னால் ஓட்டிக்கொண்டு. அந்த இனப் பன்றி இன்றும் அங்கே வளர்கிறது. மூட்டை சுமக்கும் கழுதைகள் வருகின்றன. ஓர் இடத்தில் விதைக்கிறார்கள், இன்னோர் இடத்தில் கதிரடிக்கிறார்கள். பருவங்கள் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. வாசலுக்கு வெளியே சாலை ஓரத்தில் பிச்சைக்காரர் ஒருவர் உட்கார்ந்து கை நீட்டுகிறார். அவரை ஓவியர் விட்டுவிடவில்லை. பெயர் பெற்ற மகான்களோ போர்க்களமோ இல்லாமல், வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் நிறைந்த ஒரு சாலை இவ்வளவு பெரிய சுவரை நிறைப்பது அந்தக் காலத்துக்குப் புதிது. ஓர் அரசு தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள விரும்பியது இதைத்தான்: எங்கள் ஊர்ச் சாலையில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள்.

வாசலுக்கு மேலே வானத்தில் சிறகு விரித்து ஒரு பெண் மிதக்கிறாள். அவள் பெயர் பாதுகாப்பு. ஒரு கையில் எழுத்துச் சுருள். இந்த நாட்டில் எல்லோரும் அச்சமின்றி வழி நடக்கலாம், உழலாம், விதைக்கலாம், நீதி ஆளும்வரை இது நிலைக்கும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. மறு கையில் ஒரு சிறு தூக்குமரம். அதில் ஒருவன் தொங்குகிறான். எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கழுத்து ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. எத்தனை முறை கண்ணை அந்த மேடுகளின் பக்கம் திருப்பினாலும் பார்வை அந்தச் சிறிய உருவத்துக்கே திரும்பி வந்தது. அவன் வழிப்பறிக்காரனாக இருக்கலாம். அப்படித்தான் அந்த அறையில் கூடியவர்கள் நினைத்திருப்பார்கள். பசியில் திருடியவனாகவும் இருக்கலாம், ஒன்பதின்மருக்கு வேண்டாதவனாகவும் இருக்கலாம். ஓவியம் அவன் குற்றத்தைச் சொல்லவில்லை, அவனால் மற்றவர்களுக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறது. இந்த ஒன்பதின்மரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறினார்கள், அந்த இரண்டு மாதமும் அரண்மனைக்குள்ளேயே தங்கியிருந்தார்கள். ஊராரின் நடமாட்டத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் தாங்கள் வெளியே நடமாடுவதை விட்டுக்கொடுத்தார்கள். இதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மரியாதையோடு சந்தேகமும் வருகிறது. தூக்குமரம் இல்லாமல் சுருளை மட்டும் ஏந்த அந்தப் பெண்ணால் முடியாதா? எதிர்ச்சுவரில், தீயாட்சியின் நாட்டுப்புறத்தில், எரிந்த வீடுகளுக்கு மேலே அச்சம் என்ற உருவம் வாளோடு மிதக்கிறது. இரண்டு சுவர்களிலும் வானத்தில் மிதப்பவர்களின் கையில் சாவுக்கருவி இருக்கிறது. வேறுபாடு, அது யாரை நோக்கி இருக்கிறது என்பதில் மட்டும்தானா? இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. வரைந்து பத்தாண்டு முடியும் முன்பே, 1348இல் கொள்ளைநோய் வந்தது. அம்ப்ரோஜியோ அதில்தான் இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். தூக்குமரத்துக்கு அடங்காத அச்சமும் உண்டு என்று அந்த நகரம் அப்போது கண்டது.

கீழே இறங்கி மறுபடி பெடலை மிதிக்கும்போது மேடுகளே வேறு விதமாகத் தெரிந்தன. இந்த நிலத்தின் அழகு ஒழுங்கால் ஆனது. திராட்சை வரிசை, ஒலிவத் தோப்பு, கோதுமை, எல்லைக்கு ஒரு சைப்ரஸ் வரிசை, மேட்டின் மேல் செங்கல் வீடு. இந்த ஒழுங்கை அமைத்தது வார முறை. நிலமும் வீடும் உடையவருடையவை, உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது, விளைச்சலில் மேல்வாரம் பாதி, குடிவாரம் பாதி. நூற்றாண்டுகள் நீடித்த இந்த முறையில் புது ஒப்பந்தம் போடக்கூடாது என்று 1964இல்தான் சட்டம் வந்தது. அதற்குள் குடும்பங்கள் நகரங்களின் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டன, மேட்டு வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. இன்று சைக்கிள் பயணிகள் இரவு தங்கும் பண்ணை விடுதிகளில் பல அந்த வீடுகள்தாம். நாம் உட்கார்ந்து சாப்பிடும் வளைவு வைத்த கீழ்த்தளம் மாட்டுத் தொழுவம். குடும்பம் அதன் மேல்தளத்தில், மாடுகளின் வெதுவெதுப்பில் குளிர்காலத்தைக் கழித்தது. அந்த வீட்டுக்காரருக்கு வழிப்பறிக்காரனிடம் பயம் இருந்திருக்காது. நிலக்காரரின் கணக்கேட்டிடம் இருந்தது. கடன் ஏறினால், நிலத்துக்கு வேண்டிய கைகள் வீட்டில் குறைந்தால், அடுத்த ஆண்டு வீட்டைவிட்டுப் போகச் சொல்லலாம். மகனின் கல்யாணத்துக்குக்கூட நிலக்காரரின் சம்மதம் வேண்டியிருந்த ஒப்பந்தங்கள் உண்டு. லோரென்செத்தியின் சுவரில் உழுகிறவர்கள் அமைதியாகத்தான் உழுகிறார்கள். அவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்பதை அந்த நகரம் வரையச் சொல்லவில்லை.

வால் தோர்ச்சா என்ற அந்தப் பள்ளத்தாக்கை 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே பயணிகள் எல்லோரும் நின்று படமெடுக்கும் சாலை ஒன்று உண்டு. மேட்டுச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைப் பாதை, அதன் ஓரத்தில் சைப்ரஸ் மரங்கள். பழைய சியென்னா ஓவியத்தின் பின்னணியிலிருந்து எடுத்து வைத்ததுபோல் இருக்கும். உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டின் வேலை. லா ஃபோச்சே என்ற பண்ணையை 1920களில் வாங்கிய ஐரிஸ், அந்தோனியோ ஓரிகோ தம்பதி, வறண்டு வெடித்துக் கிடந்த களிமண் மேடுகளைத் திருத்தி, பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கட்டிப் போட்ட பாதை. அவர்களும் வாரக் குடிகளை வைத்திருந்த நிலக்காரர்களே. போர்க்காலத்தில் ஐரிஸ் எழுதிய நாட்குறிப்பு 1947இல் புத்தகமாக வந்தது. 1944 ஜூனில் போர்முனை அந்தப் பண்ணைக்கே வந்து சேர்ந்தபோது, ஜெர்மானியப் படை வீட்டைக் காலி செய்யச் சொன்னது. நகரங்களின் குண்டுவீச்சிலிருந்து தப்பி அங்கே அடைக்கலமாயிருந்த குழந்தைகளையும் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு அவர்கள் மோன்தெபுல்சானோவுக்கு நடந்தார்கள். கோடை வெயில், தலைக்கு மேலே விமானங்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை: சாலையின் நடுவிலேயே நடங்கள், ஓரங்களில் கண்ணிவெடி இருக்கிறது. அதே சாலைகளில் இன்று வழிகாட்டி எனக்குச் சொல்கிறார், ஓரமாகப் போங்கள் என்று. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் என் நெருடலின் முழு உள்ளடக்கம்.

நடுவில் நடந்தது, யாரோ குனிந்து அந்த ஓரங்களைத் துழாவினார்கள் என்பது. ஒவ்வோர் அடியாக, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, சில இடங்களில் வெறும் கத்தி முனையால் மண்ணைக் குத்திப் பார்த்து. அப்படிக் குனிந்தவர்களில் நம் ஊர் ஆட்கள் இருந்தார்கள். செங்கல்பட்டுச் சீமையின் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று, சியென்னா இருக்கும் டஸ்கனிக்கு வெகு தெற்கே, கசினோ போர்முனைக்குப் பின்னாலிருந்த மின்யானோவில் கண்ணிவெடி தேடும் குழுவில் இருந்தார். வெடி ஒன்று தூண்டப்பட்டுவிட்டது. அது வெடிக்கும் முன் கிடைத்த சில நொடிகளில், உடனிருந்தவர்களைக் காக்க அவர் அதன்மேல் விழுந்தார். மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. தன் நாட்டை ஆண்டுகொண்டிருந்த பேரரசு அனுப்பிவைத்த இடத்தில், தனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு மேட்டில் செங்கல்பட்டுக்காரர் ஒருவரின் உயிர் போனது. இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் போகத்தான் வேண்டியிருந்ததா என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனாலும் இத்தாலியின் எந்தச் சாலை ஓரத்திலும் நான் பயமின்றிப் போகும்போது அது அவரைப் போன்றவர்கள் குனிந்து பார்த்த மண் என்பதும் உண்மை. சியென்னாவின் அந்தச் சுவரில் பாதுகாப்பு என்பவள் சிறகோடு வானத்தில் மிதக்கிறாள். நான் அறிந்த பாதுகாப்பு மண்ணில் மண்டியிட்டிருந்தது.

சைக்கிளே அந்த ஆண்டுகளில் அச்சத்துக்குரிய பொருளாக இருந்தது. எதிர்ப்புப் படையினர் சைக்கிளில் வந்து தாக்கிவிட்டு மறைந்ததால், 1943 டிசம்பரில் ரோம் நகரில் ஜெர்மானியர்கள் சைக்கிள் ஓட்டுவதையே தடைசெய்தார்கள். மூன்றாவது சக்கரம் ஒன்றைப் பொருத்தி, இது சைக்கிள் இல்லை என்று சொல்லி வேலைக்குப் போனவர்கள் உண்டு. அதே காலத்தில், டூர் தெ பிரான்ஸை 1938இல் வென்றிருந்த ஜீனோ பார்த்தலி, பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஃபிளாரன்ஸிலிருந்து அசிசி வரை ஓட்டி, யூதர்களைக் காப்பாற்றும் போலி ஆவணங்களைச் சைக்கிளின் குழாய்களுக்குள் வைத்து எடுத்துப்போனதாகச் சொல்கிறார்கள். 2013இல் யூதப் படுகொலையின் நினைவு நிறுவனமான யாத் வஷேம் அவரை நேர்மையாளர் பட்டியலில் சேர்த்தது. இன்று டஸ்கனியிலிருந்து உம்ப்ரியா வரை ‘கலையும் சைக்கிளும்’ என்று விற்கப்படும் பயணங்கள் ஏறக்குறைய அதே ஊர்களைத் தொட்டுத்தான் போகின்றன. அதே ஏற்றம், அதே மூச்சிரைப்பு. நமக்கு அது ஆரோக்கியம். நாம் தேர்ந்துகொண்ட சிரமமும் ஒருவர்மேல் விழுந்த சிரமமும் தசைகளுக்கு ஒன்றாகத்தான் இருக்கும், மனத்துக்கு இருக்காது.

இவையெல்லாம் முடிந்துபோன காலத்தின் கதைகள் என்று ஆறுதல்பட்டுக்கொள்ள முடியவில்லை. இத்தாலியின் நாட்டுப்புறத்தில் இன்று இன்னொரு சைக்கிள் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்கே ஃபோஜா சமவெளியில் கோடையில் தக்காளி பறிக்கவும், கலாப்ரியாவின் ரொஸார்னோவில் குளிர்காலத்தில் ஆரஞ்சு பறிக்கவும் போகும் மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். தகரமும் பிளாஸ்டிக்கும் வைத்துக் கட்டிய குடிசைகளிலிருந்து விடியும் முன் கிளம்பி, பழைய சைக்கிள்களில், அதே வலது ஓரத்தில், விளக்கில்லாமல் போகிறார்கள். வண்டிகள் மோதி அவர்களில் பலர் இறந்திருக்கிறார்கள். தொழிற்சங்கங்களும் தன்னார்வலர்களும் அவர்களுக்கு ஒளி தெறிக்கும் மேற்சட்டையும் சைக்கிள் விளக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2010 ஜனவரியில் ரொஸார்னோவில் வேலை முடிந்து திரும்பியவர்களை ஏர்கன்னால் சுட்டார்கள். அதிலிருந்து மூண்ட கலவரத்துக்குப்பின் அவர்களில் ஏராளமானோர் அந்த ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். தரகர்கள் மூலம் தொழிலாளர்களைச் சுரண்டுவதைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டம் 2016இல் வந்தது. சுரண்டல் நிற்கவில்லை. வெள்ளைச் சாலையில் எனக்குப் பின்னால் வேன் வருகிறது. அந்தத் தொழிலாளிக்குப் பின்னால் வருவது அவர் இருப்பதையே பார்க்காத லாரி. எல்லோரும் அச்சமின்றி வழி நடக்கலாம் என்று அந்தச் சுருள் சொல்கிறது. அந்த ‘எல்லோரும்’ 1339இல் சியென்னாவின் குடிமக்களோடு நின்றது என்று வைத்துக்கொண்டாலும், இப்போது அதை எங்கே நிறுத்துவது?

இப்படி யோசித்தால் ஒரு நல்ல பயணத்தின் இன்பம் கெட்டுவிடாதா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அழகு என்பது குற்றவுணர்ச்சிக்கு ஒரு சாக்கு ஆகிவிடக்கூடாது. அந்த ஜினெஸ்த்ரா வாசத்தையும், இறக்கத்தில் காதில் வீசும் காற்றையும், ஏற்றம் முடிந்ததும் தொலைவில் மோன்தே அமியாத்தா மலை நீலமாகத் தெரிவதையும் நான் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இன்பம் கெடுவது அறிவதனால் என்று எனக்குத் தோன்றவில்லை. லோரென்செத்தி அந்தத் தூக்குமரத்தை வரையாமல் விட்டிருந்தால் அந்த மேடுகள் இன்னும் அழகாக இருந்திருக்காது, வெறும் அலங்காரமாகப் போயிருக்கும். பிச்சைக்காரரைச் சாலை ஓரத்தில் உட்கார வைத்ததால்தான் அந்தச் சாலை நிஜமான சாலையாக இருக்கிறது.

ஆகவே இந்தப் பயணங்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, இதை முழு மனத்தோடு சொல்கிறேன். அந்த அறையில் நிற்கும்போது சுருளைக் காட்டும் கை தூக்குமரத்தையும் காட்டட்டும். லா ஃபோச்சேயில் படமெடுத்து முடித்தபின் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாலையின் நடுவில் கொஞ்சதூரம் எல்லோரையும் நடக்கச் சொல்லட்டும், ஏன் என்று சொல்லட்டும். மாட்டுத் தொழுவத்தில் இரவுச் சாப்பாடு பரிமாறும்போது அந்த வீட்டில் இருந்த குடும்பம் எவ்வளவு குடிவாரம் பெற்றது, ஏன் போனது என்று ஒருவர் பேசட்டும். தட்டில் இருக்கும் தக்காளியைப் பறித்தவர் எந்தச் சாலையில் வேலைக்குப் போனார் என்பதும் அந்தப் பேச்சில் வரட்டும். இவை கலைக்கு வெளியே இருக்கும் செய்திகள் இல்லை. ஆட்சி நல்லதா என்று அறிய அந்த ஓவியர் சாலையைத்தான் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே பார்த்தால், இத்தாலியின் நல்லாட்சிக்கு வால் தோர்ச்சாவில் நான் பெற்ற நிம்மதி சான்றாகாது. ஃபோஜா சமவெளியில், விடியாத இருட்டில், சாலையின் ஓரத்தில் சைக்கிள் மிதிக்கும் ஒருவர் மாலையில் உயிரோடு திரும்புவோம் என்று நம்பிப் போக முடிகிறதா என்பதுதான் சான்று. என் நாட்டுக்கும் அதே அளவுகோல்தான்.